குதிகால் தடம்

பிள்ளைக்காக முதல் மருமகளைத் தினமும் சுவரோரம் சிரசாசனம் போடவைத்தாள் மாமியார். சுவரில் குதிகால் தடம் பதிந்ததே தவிர, வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. அவளை விரட்டிவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, இன்னொருத்தியைக் கொண்டுவந்தாள்.

இன்று அந்த இரண்டாமவளைப் பேர்போன யோகா வகுப்புக்கு இழுத்து வந்திருந்தாள்.

“இதுக்கப்புறமும் உண்டாகலைன்னா, அவ போன வழியிலதான் நீயும் போகணும்.”

“அவரும் டாக்டர்கிட்ட ஒரு தடவை...”

“என் பையன் சிங்கம்டி! அவனுக்கென்ன குறை?”

உள்ளேயிருந்து முதலில் நிறைமாத வயிறு வந்தது. அதன் பின்னால் யோகா டீச்சர் வந்தாள். மாமியார் இரண்டடி பின்வாங்கினாள்.

“மறுகல்யாணம் ஆன கையோட உண்டாயிட்டேன், அத்தை” என்றாள் முதல் மருமகள். “இவளை விட்டுடுங்க. நான் நின்ன சுவத்துல சிங்கத்தைத் தலைகீழா நிறுத்துங்க.”