குடிக்காதவர்

“அந்தத் தீர்மானப் புத்தகத்தை எடுங்க மாமா” என்றேன்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். ஜமாஅத் அலுவலகத்தில் இரண்டே பேர். தலைவர் ரஃபீக் மாமா. செயலாளர் ஜாவித், பத்தாவது வரை என்னோடு படித்தவன்.

நான் வாசலில் நின்றேன். ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் விட்டதும் பஸ் பிடித்து நேராக வந்திருந்தேன். தோளில் பரீட்சைப் பேப்பர் கட்டு கனத்தது.

“எந்தத் தீர்மானம்மா?”

“எங்கத்தாவை நீக்கின தீர்மானம்.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

என் அத்தா முஜிபுர் ரஹ்மான் இந்தப் பள்ளிவாசலில் பத்தொன்பது வருடம் மோதினாராக இருந்தார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னது அவர்தான். அவர் குரல் கேட்டுத்தான் எங்கள் தெருவில் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவர் நடை மாறியது. காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அப்புறம் நாக்கு குழற ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பாங்கின் நடுவே வார்த்தைகள் இழுபட்டு நின்றன. கீழே யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. குடித்துவிட்டுப் பாங்கு சொன்னார் என்று எழுதி, நீக்கினார்கள்.

அத்தா ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று வாயைத் திறந்தார். “மோந்து பாருங்க பாய், மோந்து பாருங்க” என்றார். எனக்குப் பதிமூன்று வயது. பள்ளிவாசல் கேட் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை.

மோந்து பார்த்தது என் அம்மா மட்டும்தான். அத்தா தூங்குகிறார் என்று நினைத்து, மெல்லக் குனிந்து.

அத்தா தூங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டிலும் அவர் அதிகம் பேசவில்லை.

பதினோரு வருடம் கழித்து மவுத்தானார். கடைசி நான்கு வருடம் படுக்கையில், சோறு விழுங்கக்கூட முடியாமல். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது, “நல்ல மனுசன், குடி கெடுத்துருச்சு” என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

போன மாதம், தென்னூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அத்தாவைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. எந்த வயதில் ஆரம்பித்தது, எப்படி நடந்தார், எழுத்து கோணியதா என்று வரிசையாகக் கேட்டார். “பக்கத்துல இருக்கறவங்களைப் பார்க்கணும்னா கண்ணை மட்டும் திருப்புவாரா, இல்ல தலையோட திரும்புவாரா?”

தலையோடுதான் திரும்புவார். கண் மெதுவாகத்தான் நகரும். அதையும் போதை என்றுதான் ஊர் சொன்னது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிறுமூளை சுருங்கிக்கொண்டே போகிற பரம்பரை வியாதியாக இருக்கலாம் என்றார். ரத்தம் மரபணுச் சோதனைக்குப் போனது. நேற்று ரிசல்ட் வந்தது.

அதைத்தான் இப்போது வாசலிலிருந்தே எட்டி மேஜையில் வைத்தேன்.

“நம்ம மரபணுவுல ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வருமாம். முப்பத்தொண்ணு தடவை வரைக்கும் ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க, நாப்பத்தொண்ணு. இது இருந்தா நடை தள்ளாடும், நாக்கு குழறும். தண்ணி குடிச்சாலும் தள்ளாடும், நோன்பு வச்சாலும் தள்ளாடும்.”

மாமா காகிதத்தைத் தொடவில்லை.

“பழசை எதுக்கும்மா கிளறணும்? அவருதான் போயிட்டாரே. எல்லாம் அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

“அல்லாஹ்வுக்கு அன்னிக்கே தெரியும் மாமா. உங்களுக்குத்தான் தெரியல. புத்தகத்துல எழுதினது நீங்க.”

என் குரல் உயர்ந்திருந்தது. தாழ்த்த மனமில்லை.

“அந்தத் தீர்மானத்துக்குக் கீழேயே எழுதுங்க. மோதினார் முஜிபுர் ரஹ்மான் குடிக்கல, அவருக்கு இருந்தது வியாதின்னு எழுதுங்க. ஜும்ஆ முடிஞ்சதும் மைக்ல படிங்க. எல்லாரும் கேக்கணும்.”

ஜாவித் ரிப்போர்ட்டை இழுத்துப் பின்பக்கத்திலிருந்து புரட்டினான். ஏதோ தட்டுப்பட்டதுபோல நிமிர்ந்தான்.

“பதினாலு வருஷமா கபருல இருக்கறவரோட ரத்தம் டாக்டருக்கு எப்படிக் கிடைச்சுது, தஸ்லிமா?”

மாமாவும் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியில் இருவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“முதல் பக்கத்துல பேரைப் படி” என்றேன்.

படித்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமா அவன் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

தஸ்லிமா. பெண். வயது முப்பத்தெட்டு.

“அத்தாகிட்டேருந்து எனக்கு வந்திருக்கு. ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சு” என்றேன். “நாளைக்கு நான் தெருவுல தள்ளாடினா, என்னைப் பத்தி என்ன எழுதுவீங்க?”

ஜாவித் பீரோ சாவியை மாமா பக்கம் நகர்த்தினான்.

மாமா எழுந்து பீரோவைத் திறந்தார். அடியிலிருந்து நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை உருவி, பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. தீர்மானத்துக்குக் கீழே ஐந்து கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது.

பேனாவை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, தன் நாற்காலியை வாசல்வரை இழுத்து வந்து என் முன்னால் போட்டார்.

“முதல்ல நீ உக்காரும்மா.”

“நீங்க எழுதுங்க மாமா. என்னால இன்னும் நிக்க முடியுது.”