உள்ளே தெரியும் கண்ணாடி

“உங்கப்பா வேணும்னேதாங்க செய்யிறாரு” என்று போனில் கணவனிடம் படபடத்தாள் மருமகள்.

“என்ன செஞ்சாரு?”

“அன்னிக்கு சாவியை ஆபீஸ்ல மறந்துட்டு வந்து, கொட்டுற மழையில கால் மணி நேரம் பெல் அடிச்சேன். குடைக் காம்பால கதவுக் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடி நொறுங்கி விழுந்த பிறகுதான் நிமிர்ந்தே பார்த்தாரு. அதுவரைக்கும் ஹால்ல ஜம்முனு உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்திருக்காரு.”

“கதவைத் தட்டுன்னா கதவையே உடைச்சிருக்கே” என்று சிரித்தான் அவன்.

“சிரிக்காதீங்க. இப்ப மங்கல் கண்ணாடி வேண்டாமாம். வெளியே பளிச்சுனு தெரியிற கண்ணாடிதான் போடணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. நான் எப்ப வர்றேன், யாரோட வர்றேன்னு வேவு பார்க்கணும் போல. ஆறு மாசம் முன்னாடி எனக்கு மேனேஜர் வேலை கிடைச்சதுல இருந்தே இப்படித்தான். கூப்பிட்டா பதில்கூடச் சொல்றதில்லை.”

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

கண்ணாடி பொருத்துபவர் அந்தப் பழைய இரும்புக் கதவின் முன் குந்தி உட்கார்ந்து, கல்லாக இறுகிப்போயிருந்த பழைய பட்டிப் பசையை உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். மாமனாரோ ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, கதவுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னிக்கே காவல் உத்தியோகம் ஆரம்பிச்சாச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

“மாமா, மங்கல் கண்ணாடியே போட்டுடலாம். தெருவுல போறவங்களுக்கெல்லாம் வீடு தெரியும்.”

“சரிம்மா, சரிம்மா” என்று சிரித்தார். உடனே அந்தப் பக்கம் திரும்பி, “பளிச்சுனு தெரியிற கண்ணாடிதானே கொண்டாந்திருக்கீங்க?” என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு டீ போடப் போனாள்.

உளிச் சத்தம் ஓய்ந்து, உப்புத்தாள் துருவைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. புதுப் பட்டியைத் தடவிக் கண்ணாடியை அழுத்தி வைத்தவர், திடீரென்று குரலை உயர்த்தினார்.

“பெரியவரே, கதவைப் பிடிங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன். காது கேக்கலையா?”

“கேக்கலைதான். ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு. மெதுவாப் பேசுங்க, உள்ளே மருமகளுக்குத் தெரியாது.”

ரகசியம் என்று நினைத்து அவர் பேசியது சமையலறை வரை கணீரென்று கேட்டது.

“அன்னிக்கு அந்தப் பொண்ணு மழையில நின்னு பெல் அடிச்சிருக்கா. எனக்குத் தெரியவே இல்லை. இப்ப இதுல பார்த்துட்டே இருந்தா, அவ படியேறும்போதே போய்த் திறந்துடலாம்ல?”

டீ பொங்கி அடுப்பை அணைத்தது.

மிச்சமிருந்த டீயை மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“கண்ணாடி நல்லா இருக்கு மாமா. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

திருட்டு முழி முழித்தார் மாமனார். “அதுக்குள்ளே யாரு சொன்னது?”

“நீங்கதான். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.”

கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பட்டியை வழிப்பது போல் திரும்பிக்கொண்டார்.

“ஏன் மாமா, ஆறு மாசமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்பத்தானே நீ மேனேஜர் ஆகியிருந்தே. இது தெரிஞ்சா, என்னைத் தனியா விட மனசு வராம வேலையை விட்டுட்டு வந்துடுவே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா?”