கோட்டுக்கு இரண்டு இடது கை

தையல் கடையின் கட்டிங் மேசையில் கருநீலக் கோட்டுத் துணியில் வெட்டிய இரண்டு கைகள் கிடக்கின்றன. இரண்டுமே இடது கை. முதல் கையை வெட்டியதும் அளவு அட்டையைப் புரட்டிப் போட மறந்துவிட்டாள், மேசை முன் கத்தரிக்கோலோடு நிற்பவள். துணி வாடிக்கையாளர் கொண்டுவந்தது. ஒரு சாண்கூட மிச்சமில்லை. ஜன்னல் வெயில் கத்தரிக்கோலில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. மின்விசிறியின் கிறீச்சும் தையல் மெஷினின் கடகடப்பும் தெரு ஹாரனும் ஒரே நேரத்தில் காதுக்குள் முண்டியடிக்கின்றன. கவனம் சிதறாமல் இருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை போன வருஷம் இவற்றையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. இப்போது மாத்திரையின் அளவைக் கூட்டியும் பலனில்லை. கடையை நடத்தும் அக்கா ஒரு கையை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்க்கிறாள். “நல்லாத்தான் இருக்குடி. ரெண்டும் இடது கையா இருக்கிற ஆளாப் பாத்து வித்துடலாம்.” மெஷினில் இருப்பவள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அக்கா குரலைத் தாழ்த்துகிறாள். “மாத்திரை போட்டியா, இல்லையா?” காலையில் விழுங்கியதில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த வேலையை மட்டும் மாத்திரை இன்னும் விடவில்லை. போட்டும் இப்படி வெட்டினேன் என்று சொன்னால், இனி இவள் கையில் கத்தரிக்கோலை யார் தருவார்கள்? “மறந்துட்டேன்க்கா,” என்கிறாள். “அதானே பாத்தேன்!” அக்காவின் முகம் தெளிகிறது. “நாளையிலேருந்து என் கண்ணு முன்னாடி போட்டுட்டு வேலையைத் தொடு.”