நாலாவது கொட்டை

மார்பு ஆபரேஷனும் புற்றுநோய்க்கு ஆறு ஊசியும் முடிந்து வீடு வந்திருக்கும் ஜன்னத், பிற்பகல் அஸர் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கிறாள். நாலு சுற்றுத் தொழுகையில், சுற்றுக்கு, அதாவது ரக்அத்துக்கு ஒன்றாக வலப்பக்கம் நகர்த்தவென்று பாயில் வைத்த நாலு பேரீச்சங்கொட்டைகளில் ஒன்று இடப்பக்கமே கிடக்கிறது. சாய்வெயில் அதன்மேல் விழுகிறது. தெருவில் உக்கடம் பஸ்ஸின் ஹாரன் ஓயவில்லை. நகர்த்த மறந்தாளா, நாலாவது ரக்அத்தைத் தொழவே மறந்தாளா? வீங்கிய வலது கையால் அந்தக் கொட்டையை எடுக்கிறாள். "வயசானா மறதிதான்னு டாக்டரே சொன்னாரே ஜன்னத்து," என்கிறார் கணவர் கலீல் ரஹ்மான். "கை வீங்குனா வைத்தியத்தாலயாம், மறந்தா மட்டும் வயசாமா? ஊசிக்கு முந்தி குர்ஆன்ல யாசீன் பூராவும் பாக்காம ஓதுனவளுங்க நானு!" "உசுரு தப்புச்சில்ல, அல்லாவுக்கு நன்றி சொல்லு." கொட்டை சுவரில் பட்டுத் தெறிக்கிறது. "அதைச் சொல்லத்தானுங்க தொழுதேன். தொழுதது மூணா நாலான்னு அந்த டாக்டரை வந்து சொல்லச் சொல்லுங்க!"