மூன்றாவது குழி

கழிவறை கட்டுவதற்காக மாசாணம் தன் வீட்டுக் கொல்லையில் மூன்றாவது குழியைத் தோண்டினான். முதல் குழியில் முதுமக்கள் தாழி கிடைத்தது, இரண்டாவதில் பாண்டியர் காசு. பழசு எது தட்டுப்பட்டாலும் தலைக்கு மேல் பறக்கும் தொல்லியல் துறையின் ‘கண்’ எந்திரம் சங்கு ஊதி, அந்த இடத்தில் வேலியை இறக்கிவிடும். பாதி ஊர் இப்படித்தான் வேலிக்குள் போனது. அவன் மனைவி பேச்சித்தாய் இன்னும் முள்காட்டுக்குத்தான் போய் வருகிறாள்.

இந்த முறை மண்வெட்டி ஒரு பலகைக்கல்லில் மோதியது. நடுவில் துளை, இருபுறமும் கால் வைக்கும் தடம்.

கண் சங்கு ஊதியது. “கற்காலக் கழிவறை! ஊருக்கே பெருமை!”

“கற்காலத்துலயே ஒருத்தன் பொண்டாட்டிக்குக் கட்டிக் குடுத்திருக்கான் பாரும்” என்ற பேச்சித்தாய், வேலி இறங்குமுன் குழியைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினாள். சொம்போடு உள்ளே போனாள்.

“ஏட்டி, அது வரலாறு!” என்று மாசாணம் அலறினான்.

“இருக்கட்டும். ஏ கண்ணு, மேல நின்னு என்ன பாக்க? அந்தப் பக்கம் திரும்பு!”

கண் மரியாதையாகத் திரும்பிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி பதிவு செய்தது:

“பயன்பாடு: கற்காலம், பிறகு இன்று. இடையில் எதுவும் இல்லை.”