மேல் கோட்டில் இருந்தது

“நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. என்ன எழுதியிருக்குது?”

மெடிக்கல் கடை மேசைமீது காளியண்ணன் ஒரு நோட்டுத் தாளை விரித்தான். கடைக்காரன் சிவபிரகாஷ் குனிந்து பார்த்தான். நீளமாக ஒரு கோடு. அதன்மேல் இங்கிலீஷில் சில சொற்கள்.

“இது யாருதுங்கண்ணா?”

“யாருதா இருந்தா என்ன? படி.”

“நான்... விட்டுப் போவேன்... புருசனை.” சிவபிரகாஷின் குரல் இறங்கியது. “அவ்வளவுதானுங்க. கீழ என்னமோ இழுத்துக் கிறுக்கியிருக்குது. இலக்கணம் போலிருக்குது, நமக்கு வெளங்காது.”

காளியண்ணன் தாளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்தான். காது இரண்டும் கொதித்தன.

புதுச்சத்திரத்தில் முட்டை லாரி வைத்து ஓட்டுகிறவன் அவன். படிப்பு எட்டாவதோடு சரி. மனைவி பிரவீனா நாமக்கல்லில் ஒரு முட்டை ஏற்றுமதி ஆபீசில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். சேலத்திலிருந்து ஜெபஸ்டின் என்றொரு வாத்தியார் வாரம் மூன்று நாள் வந்து, பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியில் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதே காளியண்ணன்தான்.

பத்தாம் நாளே வீட்டில் வாத்தியார் புராணம் ஆரம்பித்துவிட்டது.

“வாக்கியத்தைப் படமாப் போட்டுக் காட்டுறாருங்க சாரு. யாரு, என்ன பண்ணுனாங்க, எதைப் பண்ணுனாங்க, மூணும் மேல் கோட்டுல நிக்கோணும். பாருங்களேன்!”

லாரிக் கதவுத் தூசியில் விரலால் கோடு கிழித்து, ‘லாரி முட்டை ஏற்றுகிறது’ என்று இங்கிலீஷில் எழுதிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவள் உள்ளே போனதும் ஒரு குடம் தண்ணீரை வாரி அந்தக் கதவில் அடித்தான்.

“உங்க சாருக்கு என்ன வயசிருக்கும்?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தான்.

“நானென்ன அவரு ஜாதகத்தையா பாத்தேன்?”

அந்தப் பதிலை மூன்று நாள் மென்றுகொண்டிருந்தான். இன்று காலை அவள் குளிக்கப் போனபோது பையைத் துழாவினான். தாள் கிடைத்தது.

மாலையில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை முன்னால் ஜெபஸ்டின். முதல் பெஞ்சில் பிரவீனா.

“ஏனுங்க, இங்க எங்க வந்தீங்க?” என்று பதறி எழுந்தாள்.

“நீ உக்காரு. எனக்கு உன்ற வாத்தியார்கிட்டத்தான் பேச்சு.” தாளை ஜெபஸ்டின் முகத்துக்கு நேராக ஆட்டினான். “புருசனை விட்டுப்போட்டு வான்னு பாடம் நடத்துறயா? எங்க கூட்டிக்கிட்டுப் போறதா உத்தேசம்?”

“சார், நீங்க தப்பா...”

“எல்லாருக்கும் தெரியட்டும்! நான் லோடு ஏத்திக்கிட்டுக் கேரளா போற நாளெல்லாம் ஊட்டுக்கு யாரு யாரு வந்து போனாங்களோ, ஆரு கண்டா!”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரவீனா குனியவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெபஸ்டின் தாளை வாங்கிப் பார்த்தான். திரும்பி, பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, அதன்மேல் அந்தச் சொற்களை எழுதினான்.

“நான், விட்டுப் போவேன், புருசனை. இதை மட்டுந்தான் உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா சார்?”

“இன்னும் என்னத்தைப் படிக்கோணும்? போதாதா?”

“போன வகுப்புல இன்டர்வியூவுக்குப் பழகினோம். சென்னை ஆபீசுல வேலை போட்டுக் குடுத்தா போவீங்களான்னு நான் கேட்டேன். அதுக்கு இவங்க சொன்ன பதில் இது. வினையோட அர்த்தத்தை மாத்துற சொல் எதுவா இருந்தாலும் மேல் கோட்டுல வராது சார். கீழேதான் வரும்.”

வினைச்சொல்லுக்கு அடியில் சாய்வாக ஒரு கோடு கிழித்து, அதில் ஒரு சொல்லை எழுதினான்.

“நெவர். அப்படின்னா, ஒருநாளும் இல்லை. ‘புருசனை விட்டு நான் ஒருநாளும் போகமாட்டேன்.’ இதான் சார் முழு வாக்கியம்.”

காளியண்ணன் படிப்பக்கம் ஓரடி பின்வாங்கினான்.

“புள்ள...” என்றான். “கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்.”

பிரவீனா பலகையருகே போனாள். சாய்ந்திருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினாள்.