தணிகாசலத்தின் பாவு

தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் தணிகாசலம் நீளமாக விரித்துக் கட்டியிருக்கும் பட்டு நூல் பாவின்மேல் முதல் தூறல் விழுகிறது. ஒற்றை ஆளாக அவன் தவிப்பதை எதிர்வீட்டு எஸ்தர் வாசலில் நின்று கண்ணாரப் பார்க்கிறாள். பட்டு திருடியதாகப் பொய் சொல்லி, போன வருஷம் அவள் புருஷன் தானியேலின் வலது கையை அடித்து முறித்தவன் அவன்.

“நனையட்டும். நாசமாப் போவட்டும்” என்கிறாள். தானியேல் அவளைத் தாண்டி மழையில் இறங்கி, இடது கையால் பாவின் ஒரு முனையைத் தூக்கப் பார்க்கிறான். முடியவில்லை. எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் அதைப் பிடிக்கிறாள். ஈர இழைகள் விரல்களில் வழுக்குகின்றன. ஒரு கொத்தைச் சுண்டி இழுத்தால் போதும், அறுந்துவிடும். இழுக்காமல், அலுங்காமல் தூக்கிப் பிடிக்கிறாள்.

“அக்கா...” என்று மறுமுனையில் தணிகாசலம் அழுகிறான்.

“பேசாத. ஜல்தியா சுருட்டு.”

பிறகு வாய்க்குள் முணுமுணுக்கிறாள்: “கர்த்தரே, கையத்தான் குடுத்துகினு இருக்கேன். மனச இப்பக் கேக்காதீங்க.”